ஜெபம் தடைப்படும்போது எங்கே பார்ப்பது: அறிகுறிவாரியாக ஒரு வழிமுறை

காவிரிக் கடைமடை ஊர்களில் வயலுக்குத் தண்ணீர் வராவிட்டால் விவசாயி வயலைக் குறை சொல்வதில்லை. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்கால் கரையோடு மேலே நடந்து, மதகு திறந்திருக்கிறதா, வண்டல் மேவியிருக்கிறதா, வெங்காயத்தாமரை அடைத்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போகிறார். ஜெபம் நின்றுபோனவர்களிடமும், ஜெபித்தும் சுகமாகாதவர்களிடமும் நம் சபைகளில் பெரும்பாலும் நடப்பது இதற்கு நேர்மாறானது. "விசுவாசம் போதவில்லை" என்ற தீர்ப்பு முதலிலேயே சொல்லப்பட்டுவிடுகிறது. அதைக் கேட்டவர் அதற்குப் பிறகு எதையும் சரிபார்க்கத் துணிவதில்லை. இந்த வழிமுறையில் விசுவாசம் பற்றிய கேள்வி வேண்டுமென்றே பின்னால் வைக்கப்பட்டிருக்கிறது. உங்களுக்கு எந்த அறிகுறி இருக்கிறதோ அந்தத் தலைப்பிலிருந்து தொடங்கலாம். வசனங்கள் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து தரப்படுகின்றன.

அறிகுறி: ஜெபிக்க உட்கார்ந்ததும் தூக்கம் வருகிறது, மனம் அலைகிறது

முதலில் உடம்பைப் பாருங்கள். நடவுக் காலத்தில் விடியுமுன் எழுந்து, பகல் முழுவதும் சேற்றில் குனிந்து நின்ற பெண், இரவு பத்து மணிக்குப் பாயில் முழங்காலிட்டதும் கண்ணயர்ந்தால், அது ஆவிக்குரிய குறைபாடு அன்று. சூரைச்செடியின் கீழ் சாகவேண்டும் என்று வேண்டிக்கொண்டு படுத்த எலியாவை எழுப்பிய தூதன், உபதேசம் எதுவும் செய்யாமல் அடையும் தண்ணீரும் கொடுத்தான். எலியா சாப்பிட்டு மறுபடியும் தூங்கினார். தூதன் இரண்டாம் முறையும் வந்து உணவே கொடுத்தான் (1 இராஜாக்கள் 19). ஆகையால் நேரத்தை மாற்றுங்கள். நீண்ட இரவு ஜெபத்தைவிட, காலையில் அடுப்பு மூட்டுமுன் சொல்லும் ஐந்து நிமிட ஜெபம் நிலைத்து நிற்கும்.

நேரம் சரியாக இருந்தும் மனம் அலைந்தால், வாய்விட்டு ஜெபியுங்கள். நின்றோ நடந்தோ ஜெபியுங்கள். அலையும் எண்ணத்தோடு சண்டையிட வேண்டாம். பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் நினைவில் வந்துகொண்டே இருக்கிறதென்றால் அதையே விண்ணப்பமாக்கிவிட்டு முன்பு விட்ட இடத்துக்குத் திரும்புங்கள். திரும்பத் திரும்ப வரும் எண்ணம் பல சமயங்களில் நாம் உண்மையாகவே ஜெபிக்க வேண்டிய காரியமாக இருக்கும்.

அறிகுறி: வார்த்தை வரவில்லை, அல்லது தினமும் அதே வார்த்தைகள் வருகின்றன

அதே வார்த்தைகள் வருவது பிழையென்று கருத வேண்டாம். கெத்செமனேயில் இயேசுவே மூன்றாம் முறையும் அந்த வார்த்தைகளையே சொல்லி ஜெபித்தார் என்று மத்தேயு எழுதுகிறார் (26:44). அவர் கண்டித்தது, அதிக வசனிப்பினால் கேட்கப்படும் என்று எண்ணி வீண்வார்த்தைகளை அலப்புவதைத்தான்.

வார்த்தையே வரவில்லையென்றால் பிறருடைய வார்த்தைகளைக் கடன் வாங்குங்கள். சங்கீதங்கள் 150-உம் அதற்காகவே நம் கையில் இருக்கின்றன. கர்த்தருடைய ஜெபத்தை ஒவ்வொரு வேண்டுதலுக்கும் ஒரு மூச்சு நிறுத்திச் சொல்லலாம். திருச்சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் 1529-இல் வெளியிட்ட சிறிய ஞானோபதேசத்தில் உள்ள காலை, மாலை ஜெபங்கள் சோர்ந்துபோன வீட்டிலும் ஒரு நிமிடத்தில் சொல்லி முடிக்கக்கூடியவை. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) வழிவந்த கீர்த்தனை மரபு நமக்கு இருக்கிறது. பேச முடியாதவர் பாடலாம். பாடவும் முடியாத நாளில் சும்மா அமர்ந்திருங்கள். ஆவியானவர் வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் 8:26 சொல்வது அப்படிப்பட்ட நாளுக்காகத்தான்.

அறிகுறி: வேதம் வாசிக்கிறேன், ஒன்றும் உள்ளே நிற்கவில்லை

பெரும்பாலும் இங்கே தடை, அளவில் இருக்கிறது. வேதாகமத்தின் 1,189 அதிகாரங்களை ஓர் ஆண்டில் முடிக்க நாளொன்றுக்கு மூன்று, நான்கு அதிகாரங்கள் வாசித்தாக வேண்டும். அது நல்ல பழக்கம். ஆனால் வாசிப்பும் தியானமும் இரு வேறு வேலைகள். அறுவடை வாரத்தில் இரண்டு நாள் விட்டுப்போனால் பாக்கி ஏறி, பாக்கி தீர்க்க ஓட்டமாக வாசித்து, லேவியராகமம் வருவதற்குள் பலர் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். அப்படி நின்றுபோனவர்கள் பாக்கியைத் தள்ளுபடி செய்துவிட்டு, ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த தடை மொழி. 1715-இல் தரங்கம்பாடி அச்சகத்தில் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்த ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்குவின் நோக்கம், சாதாரண மக்கள் தங்கள் மொழியிலேயே வேதத்தை வாசிக்க வேண்டும் என்பது. ஆகவே பழைய மொழிபெயர்ப்பின் நடை உங்களுக்குப் புரியவில்லையென்றால், 1995-இல் வெளிவந்த திருவிவிலியத்தையோ வேறு எளிய மொழிபெயர்ப்பையோ பக்கத்தில் வைத்துக்கொள்வதில் பக்திக்குக் குறைவு ஒன்றும் இல்லை. புரிந்த பிறகு பழக்கமான நடைக்குத் திரும்பி, அதை மனனம் செய்யலாம்.

இனி, தியானிக்கும் முறை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த இரண்டாம் கீகோ என்ற துறவி, வாசித்தல், சிந்தித்தல், ஜெபித்தல், கடவுள் சமுகத்தில் அமைந்திருத்தல் என்று நான்கு படிகளை எழுதிவைத்தார். மாற்கு 10:46–52-ஐக் கொண்டு அதைச் செய்து பார்ப்போம். ஏழே வசனங்கள். எரிகோவின் வழியருகே பர்திமேயு என்ற குருடன் உட்கார்ந்து பிச்சை கேட்டுக்கொண்டிருக்கிறான்.

மெதுவாக, காதில் விழும்படி இருமுறை வாசியுங்கள். எந்த இடத்தில் மனம் நிற்கிறது என்று கவனியுங்கள். ஐம்பதாம் வசனத்தில் அவன் "தன் மேல்வஸ்திரத்தை எறிந்துவிட்டு" எழுந்து வருகிறான் என்ற இடத்தில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கேயே தங்குங்கள். பார்வையில்லாதவன் கூட்டத்துக்கு நடுவே எறிந்த வஸ்திரம் அவனுக்குத் திரும்பக் கிடைக்காது. இரவில் போர்த்திக்கொள்ள அவனிடம் வேறு இருந்திருக்குமா என்பது சந்தேகம். கண் திறப்பதற்கு முன்பே அதை எறிந்துவிட்டான். அவனை அதட்டிப் பேசாமலிருக்கச் சொன்னவர்கள் பகைவர்கள் அல்லர், இயேசுவோடு நடந்துவந்தவர்கள் என்பதையும் அப்போது காண்பீர்கள். என் வீட்டில் யாருடைய கூப்பிடுதலை நான் அதட்டி அடக்குகிறேன், எதை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்ற கேள்விகள் தாமாகவே எழும். அவற்றையே ஜெபமாக்குங்கள்: "தாவீதின் குமாரனே, எனக்கு இரங்கும்." பிறகு எதையும் கேட்காமல் சில நிமிடங்கள் இருங்கள். மறுநாளும் அதே பகுதிக்கு வாருங்கள். இம்முறை வேறொரு சொல் உங்களை நிறுத்தும்.

இந்தப் பயிற்சிக்கு நூற்றுப் பத்தொன்பதாம் சங்கீதமும் பொருந்தும். 176 வசனங்கள், எட்டெட்டாக 22 பகுதிகள். நாளுக்கு ஒரு பகுதி போதும்.

அறிகுறி: புத்தாண்டில் எடுத்த வாக்குத்தத்த வசனம் நிறைவேறவில்லை

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுப்பது நம் பக்கத்துச் சபைகளில் பிரியமான வழக்கம். அதைக் கைவிடச் சொல்லவில்லை. ஆனால் அட்டையில் ஒரு வசனம் இருக்கிறது, அதன் அதிகாரம் இல்லை. எரேமியா 29:11 எடுத்தவர், "சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்பதை அந்த ஆண்டுக்குள் கிடைக்கும் வேலைக்கான உத்தரவாதமாக எடுத்துக்கொள்கிறார். பாபிலோனில் சிறையிருந்தவர்களுக்கு எழுதிய கடிதம் அது. முந்தின வசனம் எழுபது வருஷம் என்கிறது. அதற்கும் முன்னே, அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்று சொல்கிறது. அதிகாரம் முழுவதையும் வாசித்துவிட்டு அட்டையைச் சுவரில் ஒட்டினால், அந்த வசனம் ஏமாற்றாது.

அறிகுறி: தேவன் கேட்கவில்லை என்று தோன்றுகிறது

மூன்று இடங்களைப் பாருங்கள்.

ஒன்று, மனிதரோடு உள்ள முறிவு. பலிபீடத்தில் காணிக்கை செலுத்த வரும்போது சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டென்று நினைவுகூர்ந்தால், முதலில் போய் அவனோடு ஒப்புரவாகு என்கிறார் இயேசு (மத்தேயு 5:23–24). வரப்புத் தகராறு, தண்ணீர் முறைத் தகராறு, அப்பா இறந்த பிறகு தங்கைக்குக் கொடுக்காமல் விட்ட பங்கு — இவை ஜெப அறைக்குள் நம்மோடு வந்து உட்கார்ந்துகொள்கின்றன. அதற்காக, அடிக்கும் கணவனிடம் திரும்பிப் போவதை ஒப்புரவென்று யாரும் சொல்லக் கூடாது.

இரண்டு, மன நோய். இரண்டு வாரங்களுக்கு மேலாகத் தூக்கமில்லை, பசியில்லை, பிடித்தது எதிலும் விருப்பமில்லை, செத்தால் நல்லது என்று தோன்றுகிறது என்றால், ஜெபத்தில் உணரும் வறட்சி அந்த நோயின் பகுதியாக இருக்கலாம். மருத்துவரிடம் போங்கள். 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். அது விசுவாசத் துரோகம் அன்று.

மூன்று, நம்மிடம் பழுது எதுவும் இல்லாமலே தேவன் மௌனமாயிருப்பதாகத் தோன்றும் காலம். எண்பத்தெட்டாம் சங்கீதம் இந்த நிலையிலேயே தொடங்கி, ஆறுதல் வசனம் ஒன்றுகூட இல்லாமல் இதே நிலையிலேயே முடிகிறது. ஆனாலும் அது வேதாகமத்தில் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலையில் நாகப்பட்டினம் கடற்கரையில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களிடம், வேளாங்கண்ணிக்கு நேர்ச்சை செலுத்த வந்த இடத்தில் குடும்பத்தை இழந்தவர்களிடம், துதியின் சங்கீதத்தைக் கொடுத்து உடனே பாடச் சொல்வது கொடுமை. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்ற பதின்மூன்றாம் சங்கீதத்தை அவர்களோடு சேர்ந்து சொல்லலாம். முறையிடுகிறவர் இன்னும் தேவனோடுதான் பேசிக்கொண்டிருக்கிறார்.

அறிகுறி: நோயாளிக்காக ஜெபிக்கிறோம், குணம் தெரியவில்லை

இது மிக அதிகமாகக் காயப்படுத்தும் இடம் என்பதால் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் கேட்க வேண்டியது, சிகிச்சை நடக்கிறதா என்பது. யூதாவின் ராஜா எசேக்கியா மரணத்துக்கு ஏதுவான வியாதியில் அழுது ஜெபித்தபோது, பதினைந்து வருஷம் கூட்டித் தருவதாகத் தேவன் வாக்களித்தார். கூடவே தீர்க்கதரிசி ஏசாயா அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து பிளவையின்மேல் வைக்கச் சொன்னார் (2 இராஜாக்கள் 20). பவுல் தீமோத்தேயுவின் வயிற்றுக்காகச் சொன்னது கொஞ்சம் திராட்சரசம். பவுலோடு பயணம் செய்த லூக்கா ஒரு வைத்தியன். தரங்கம்பாடி மிஷனுக்கு 1730-இலேயே ஜெர்மனியின் ஹாலே நகரத்தார் மருத்துவர் ஒருவரை அனுப்பினார்கள். ஜெபத்தில் அவர்கள் குறைந்தவர்கள் அல்லர். நெஞ்சுவலி, பக்கவாதம், பாம்புக்கடி, வலிப்பு என்றால் முதலில் 108, ஜெபம் ஆம்புலன்சில்.

அடுத்து, நோயாளி எதைக் கேட்கிறார் என்று தெரியுமா? பர்திமேயுவுக்கு என்ன வேண்டும் என்பது பார்த்தாலே விளங்கும். அப்படியிருந்தும் இயேசு, "நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்றிருக்கிறாய்" என்று கேட்டார். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வார்டில் படுத்திருக்கும் ஒருவருடைய பெரிய கவலை, நாம் நினைக்கும் கட்டியைப் பற்றியதாக இல்லாமல், வீட்டில் தனியாக இருக்கும் மகளைப் பற்றியதாக இருக்கலாம். "அக்கா, உங்களுக்காக எதைக் கேட்கட்டும்?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருங்கள்.

வார்டில் நடந்துகொள்ளும் விதத்தையும் சொல்ல வேண்டும். கட்டிலில் உட்காராதீர்கள். கை வைக்கலாமா என்று அனுமதி கேளுங்கள்; குளுக்கோஸ் ஊசி ஏறும் கையைத் தொடாதீர்கள். பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் வேறு மதத்தினராக இருக்கலாம், தூங்கிக்கொண்டிருக்கலாம். குரல் அந்தக் கட்டிலைத் தாண்ட வேண்டியதில்லை. மூன்று நிமிடம் போதும். எண்ணெய் பூசுவதென்றால், யாக்கோபு 5:14 சொல்கிறபடி நோயாளி விரும்பி அழைத்து, சபையின் மூப்பர்களோ ஆயரோ வந்து செய்யட்டும். கத்தோலிக்க வீடுகளில் நோயில்பூசுதல் குருவானவர் வழங்கும் அருளடையாளம் என்பதையும், அது கடைசி மூச்சுக்கு மட்டும் உரியதன்று என்பதையும் குடும்பத்துக்கு நினைவூட்டுங்கள். எந்த எண்ணெயையும் புண்ணின்மேல் தடவவோ குடிக்கக் கொடுக்கவோ வேண்டாம்.

ஜெபம் தெளிவாகவும் பணிவாகவும் இருக்கட்டும். இப்படிச் சொல்லலாம்: "பிதாவே, இந்த அக்காவின் உடம்பை உருவாக்கியவர் நீர். இவர்களுடைய சிறுநீரகத்தைச் சுகமாக்கும் என்று கேட்கிறோம். இன்றிரவு வலி குறைந்து தூங்கச் செய்யும். மருத்துவருடைய கைக்கும் செவிலியருடைய கண்ணுக்கும் தெளிவைத் தாரும். வீட்டில் இருக்கும் பிள்ளைக்குத் துணையாயிரும். எங்கள் சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது. ஆமென்." கடைசி வரி அவிசுவாசத்தின் அடையாளம் என்று போதிக்கிறவர்கள் உண்டு. அதைச் சொன்னவர் யார் என்று அவர்கள் மத்தேயு 26:39-இல் பார்க்கட்டும்.

குணம் உடனே முழுமையாக வராதபோது, பெத்சாயிதாவின் குருடனை நினையுங்கள். இயேசு ஒருமுறை கைவைத்த பிறகு அவன், "நடக்கிற மனுஷரை மரங்களைப்போலக் காண்கிறேன்" என்றான். அதை மறைத்து, நன்றாகத் தெரிகிறது என்று அவன் சாட்சி சொல்லவில்லை. இயேசுவும் கோபப்படாமல் மறுபடியும் கைவைத்தார் (மாற்கு 8:22–25). பாதிக் குணத்தைப் பாதிக் குணம் என்றே சொல்லிவிட்டுத் தொடர்ந்து ஜெபிக்கலாம்.

அறிகுறி: "விசுவாசம் இல்லாததால்தான் சுகமில்லை", "ஏதோ மறைந்த பாவம்" என்கிறார்கள்

இங்கே பழுது சொல்பவரிடம் இருக்கிறது. பிறவிக் குருடனைக் கண்டு இவன் செய்த பாவமோ, பெற்றோர் செய்த பாவமோ என்று கேட்ட சீஷர்களுக்கு, அதுவும் இல்லை, இதுவும் இல்லை என்றார் இயேசு (யோவான் 9:3). கூரையைப் பிரித்து இறக்கப்பட்ட திமிர்வாதக்காரன் விஷயத்தில் அவர் கண்டது "அவர்கள் விசுவாசத்தை". சுமந்துவந்தவர்களுடைய விசுவாசமும் அதில் அடங்கும். ஆகவே விசுவாசம் போதவில்லையென்றால், கேள்வி கட்டிலைச் சுற்றி நிற்கிற நம் பக்கமும் திரும்புகிறது. தன் மாம்சத்தில் இருந்த முள் என்று தான் சொன்ன உபாதை நீங்கும்படி மூன்றுதரம் வேண்டிக்கொண்ட பவுலுக்குக் கிடைத்த பதில், "என் கிருபை உனக்குப் போதும்." பல நோயாளிகளைச் சுகமாக்கிய அதே பவுல், தன்னோடு பயணம் செய்த துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்று எழுதுகிறார் (2 தீமோத்தேயு 4:20). அவனுடைய விசுவாசத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் குறைத்துச் சொல்லவில்லை.

தன் விசுவாசத்தைப் பற்றி நோயாளியே கலங்கினால், வலிப்புக்கார மகனின் தகப்பனுடைய ஜெபத்தைக் கொடுங்கள்: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே! என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." அந்த ஜெபத்துக்குப் பிறகு மகன் சுகமானான்.

அறிகுறி: ஜெபத்தில் சுகம் கிடைத்துவிட்டது, மாத்திரையை நிறுத்தலாமா என்று கேட்கிறார்கள்

நிறுத்தக் கூடாது. நிறுத்தச் சொல்லும் அதிகாரம் ஜெபிக்கிறவருக்கு இல்லை. காசநோயில் முதல் சில வாரங்களிலேயே இருமலும் காய்ச்சலும் குறைந்துவிடும். ஆனால் கிருமி உள்ளே இருக்கும். வழக்கமான ஆறு மாத மருந்தை இடையில் விட்டால், மருந்துக்கு அடங்காத காசநோயாகத் திரும்பி வீட்டிலுள்ளவர்களுக்கும் பரவும். இன்சுலினை நம்பி வாழும் பிள்ளைக்கு அதை நிறுத்தினால் சில நாட்களில் உயிருக்கே ஆபத்து. வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் விடாத வலிப்பு வரலாம். இரத்த அழுத்தம் ஏறியிருப்பது பெரும்பாலும் உடம்பில் தெரியவே தெரியாது. ஆகவே "நன்றாக இருக்கிறேன்" என்ற உணர்வு அங்கே எதற்கும் ஆதாரமாகாது.

பத்துக் குஷ்டரோகிகளை இயேசு, "நீங்கள் போய், ஆசாரியர்களுக்கு உங்களைக் காண்பியுங்கள்" என்று அனுப்பினார் (லூக்கா 17:14). சுகத்தைச் சோதித்துச் சொல்லும் பொறுப்பு அன்று ஆசாரியனிடம் இருந்தது. இன்று மருத்துவரிடம் இருக்கிறது. பரிசோதனை முடிவு வந்து, மருத்துவர் மருந்தைக் குறைத்த பிறகு சாட்சி சொன்னால், அந்தச் சாட்சியைக் கேட்டு வேறொருவர் தன் மருந்தை எறியமாட்டார்.

அறிகுறி: நேர்ச்சையை நிறைவேற்ற முடியாததால் பயம்

வேளாங்கண்ணிக்கு நடந்துவருகிறேன் என்று நேர்ந்துகொண்டு, முழங்கால் தேய்ந்து நடக்க முடியாமல் போனவர்கள், ஆகஸ்ட் 29 கொடியேற்றம் நெருங்கும்போதெல்லாம் தூக்கமிழக்கிறார்கள். உங்கள் பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள். நியாயமான காரணத்துக்காகத் தனிப்பட்ட நேர்ச்சையிலிருந்து விடுவிக்க, 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு அவருக்கு அதிகாரம் தருகிறது. மாதா பழிவாங்குவாள் என்ற பயம் திருச்சபையின் போதனை அன்று.

அறிகுறி: ஜெபித்தோம், அவர் இறந்துவிட்டார்

இங்கே சரிசெய்ய எதுவும் இல்லை. தவிர்க்க வேண்டியவை மட்டும் உண்டு. "தேவனுக்குப் பிரியமானவர், அதனால் எடுத்துக்கொண்டார்" என்று சின்னப் பிள்ளைகளின் காதில் விழும்படி சொல்லாதீர்கள். இன்னும் உபவாசம் இருந்திருக்கலாம் என்று யாரும் கணக்குப் பார்க்க இடம் கொடாதீர்கள். லாசருவை எழுப்பப்போகிறோம் என்று அறிந்திருந்த இயேசுவே கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார், அழுகிறவரை அழவிடுங்கள்.

அடக்கத்தன்று கூட்டம் இருக்கும், சோறும் வந்துசேரும். பதினைந்து நாள் கழித்து ஒருவரும் வரமாட்டார்கள். ஜெபக்குழுவில் யார் எந்த வாரம் அந்த வீட்டுக்குப் போவது என்று முன்கூட்டியே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். போகிறவர் இறந்தவருடைய பெயரைச் சொல்லிப் பேசட்டும். அந்த அம்மா ஜெபிக்க விரும்பவில்லை என்றால் வற்புறுத்தாமல், அவர்கள் காதில் விழும்படி இருபத்துமூன்றாம் சங்கீதத்தை மட்டும் வாசித்துவிட்டு, மருத்துவமனைக் கடன் எவ்வளவு நிற்கிறது, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் கட்டியாகிவிட்டதா என்று கேட்டறிந்து சபையில் வந்து சொல்லட்டும்.